ராத்திரி வந்த அலாரத்தை யாரும் பாக்கல: எல்லையோர ஃபைபர் நெட்வொர்க்ல பொய் அலாரம் குறைச்ச ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்கா, கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளான்னாலும் வீட்டுலயும் கடையிலயும் பேசறது பெரும்பாலும் தமிழ்தான், பெரிய சாமான் எது வேணும்னாலும் பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ போவோம். இங்க ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி, முன்ன கேபிள் டிவி நடத்தின ஒருத்தர் அப்புறம் ஃபைபர் இழுத்து ஆரம்பிச்சது. பேரு வேண்டாம். சுமார் 1,600 கனெக்ஷன் இருக்கு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு நாலு இடத்துல ஓ.எல்.டி. (வீடுகளுக்குப் போற ஃபைபர் எல்லாம் வந்து சேர்ற மெயின் பெட்டி) இருக்கு. ஃபீல்டுல மூணு பசங்க, ஆபீஸ்ல ஒரு அக்கா, ஓனர் அண்ணன், நெட்வொர்க் பாக்கறதுக்கு நான். ராத்திரி டூட்டி அந்த மூணு பசங்கதான் மாத்தி மாத்திப் பாக்கறாங்க.

டிராஃபிக், அதாவது லைன்ல எவ்ளோ டேட்டா போகுதுன்னு பாத்து அலாரம் குடுக்கறதுக்கு ஸாபிக்ஸ் 6.0-ன்னு ஒரு சாஃப்ட்வேர் ஓடுது. எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டு வெச்சது, அவரு போனதுக்கப்புறம் நானும் ஒண்ணும் தொடல, ஓடிட்டுதான இருக்குன்னு விட்டுட்டேன். அலாரம் எல்லாமே ஒரே டெலிகிராம் குரூப்புக்கு வரும். இதுபோக ஃப்ளோ கணக்கு (யாருக்கு எவ்ளோ டேட்டா போகுதுன்னு ரூட்டர் குடுக்கற கணக்கு) வாங்கி, ஏதாவது ஒரு ஐ.பி. (கனெக்ஷனோட இன்டர்நெட் முகவரி) மேல அட்டாக், அதாவது வேணும்னே டேட்டாவைக் கொட்டித் திணறடிக்கறது, வருதான்னு பாத்து, வந்தா அந்த ஐ.பி.யைத் தானாவே அடைச்சு வெக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு தனியா ஓடிட்டு இருந்துச்சு.

அந்த ராத்திரி

ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்தை இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 12:50-க்கு வேலந்தாவளம் பக்கம் கரண்ட் போச்சு, வீட்டு மோடம் எல்லாம் ஒண்ணு ஒண்ணா அணைஞ்சு குரூப்புல எழுபதுக்கும் மேல மெசேஜ். டூட்டியில இருந்த தம்பி எந்திரிச்சுப் பாத்தான், கரண்ட் கட்டுதான்னு புரிஞ்சுது, குரூப்பை மியூட்ல போட்டுட்டுப் படுத்துட்டான். 1:10-க்கு ஒரு தென்ன மட்டை போஸ்ட்டுக்குப் போஸ்ட் போற நம்ம கேபிள் மேல விழுந்து ஃபைபர் அறுந்து போச்சு. அந்த ஒரு பானுல (ஓ.எல்.டி.லருந்து ஒரே ஃபைபரா வந்து பல வீட்டுக்குப் பிரியற லைன்) இருந்த 38 வீடும் போச்சு. இன்வெர்ட்டர் இருந்து மோடம் ஓடிட்டு இருந்த வீடுகளும், கரண்டே போகாத பக்கத்து லைன்ல இருந்த வீடுகளும் அதுல சேத்தி. அதுக்கும் மெசேஜ் வந்துச்சு, ஆனா கரண்ட் போன மெசேஜும் இதுவும் ஒரே வார்த்தையில ஒரே மாதிரிதான் இருக்கும், "ஓ.என்.யூ. டவுன்" (ஓ.என்.யூ.ன்னா வீட்டு மோடம்) அவ்ளோதான். அதனால தம்பி முழிச்சுட்டு இருந்து பாத்திருந்தாலும் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

அந்த 38-ல ஒரு வீட்டுல ஒரு பொண்ணு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் கோடிங் பண்றவங்க, ராத்திரி ஷிஃப்ட். 1:15-க்கு "மோடத்துல செவப்பு லைட்டு எரியுதுங்க" அப்டின்னு ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப் போட்டிருக்காங்க, அப்புறம் நாலு தடவ போட்டிருக்காங்க. காலையில 5:40-க்கு அக்கா போனை எடுத்துப் பாத்தப்பதான் எங்களுக்கே தெரியும். அவங்களுக்கு அன்னிக்கு சம்பளம் போச்சு. எங்க வேலைய நாங்க ஒழுங்கா வெச்சுக்காததுக்கு அவங்க பணம் கட்டின மாதிரி ஆயிடுச்சு, எனக்கு அது இன்னும் உறுத்துது.

ஓனர் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அவன் ஒண்ணும் எதுத்துப் பேசல, போனை நீட்டினான். "அண்ணா, நேத்து ஒரு நாள் மட்டும் எத்தன வந்திருக்குன்னு நீங்களே பாருங்க." நான் எண்ணிப் பாத்தேன், 312. அந்த 312-லயும் அவன் போய் ஏதாவது செய்யணும்னு இருந்தது ரெண்டே ரெண்டு. அதுக்கப்புறம் அண்ணன் அவனை ஒண்ணும் சொல்லல, என்னப் பாத்து "இத நீதான் சரி பண்ணணும்"னாரு. சரிதான்.

ஒரு வாரம் எழுதி வெச்சது

உடனே ரூல் எதையும் தொட வேண்டாம்னு முடிவு பண்ணேன். எது பொய்யி எது நெசம்னு தெரியாம நம்பரை ஏத்தி வெச்சா சத்தம் குறையும், ஆனா என்னத்த மூடினோம்னு நமக்கே தெரியாது. அதனால ஒரு நோட்டு வாங்கி ஏழு நாள், வந்த ஒவ்வொரு அலாரத்துக்கும் நேரா ஒரே கேள்வி: இதைப் பாத்து யாராச்சும் எந்திரிச்சு ஏதாச்சும் செஞ்சாங்களா? பசங்களும் எழுதினாங்க, அக்காவும் எழுதினாங்க. ஏழு நாள்ல 1,874 மெசேஜ், அதுல யாராச்சும் கை வெச்சது 23.

மிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கும் மேல வீட்டுக்காரங்க மோடம் சுவிட்சை அணைச்சது, கரண்ட் போனது. அடுத்தது ஒரு சைட் போனா அதுக்குக் கீழ இருக்கற எல்லாமே தனித்தனியா கத்தறது. அப்புறம் மீனாட்சிபுரம் அப்லிங்க்ல (அந்த சைட்டை வெளிய சேக்கற மெயின் லிங்க்) தெனமும் ராத்திரி "டிராஃபிக் விழுந்துருச்சு"ன்னு ஒண்ணு. ஃப்ளோ சாஃப்ட்வேரோட அட்டாக் அலாரம். கம்பத்து மேல இருந்து காத்துக்கு ஆடற ரேடியோ லிங்க் (வயர்லெஸ் லிங்க்). இந்த வரிசையில போகல நாங்க, எது மேல சந்தேகமோ அதுலருந்து ஆரம்பிச்சோம்.

மீனாட்சிபுரம்: பீக் டைம்ல டிராஃபிக் விழுதாம்

தெனமும் ராத்திரி எட்டரையிலருந்து பத்தரை வரைக்கும் இந்த அலாரம் வரும், கஸ்டமர் ஒருத்தரும் கம்ப்ளைண்ட் சொல்ல மாட்டாங்க. கிராஃபை எடுத்து ஒரு மாசத்துக்குப் பாத்தேன். சாயங்காலத்துலருந்து அழகா ஏறிட்டே வருது, 570 எம்.பி.பி.எஸ். கிட்ட வந்ததும் மேல போகாம அப்டியே அடிக்கு விழுது, நடுவுல நடுவுல ஓட்டையா இருக்கு. எல்லா நாளும் அதே 570. ஜனங்க நெட்டு பாக்கறதுல இப்டி கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை இருக்காதே.

காரணம் கவுண்ட்டரு, அதாவது எத்தன பைட் போச்சுன்னு ஸ்விட்ச் எண்ணி வெக்கற மீட்டரு. அந்த ஸ்விட்ச்சை முன்ன இருந்தவரு எஸ்.என்.எம்.பி. (ஸ்விட்ச் கிட்ட கணக்கு கேட்டு வாங்கற முறை) வெர்ஷன் 1-ல சேத்திருந்தாரு. அது 1988 காலத்து புரோட்டோகால், 64 பிட் கவுண்ட்டரை அதுல கொண்டு வரவே முடியாது, 32 பிட் மட்டும்தான். 32 பிட் கவுண்ட்டர் 429 கோடியே சொச்சம் பைட் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்) எண்ணினதும் திரும்பப் பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கும், பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுத்தி வர்ற மாதிரி. முழு 1 ஜி.பி.பி.எஸ். ஓடினா 34 செகண்டுலயே ஒரு சுத்து முடிஞ்சுரும். நாங்க கேக்கறது 60 செகண்டுக்கு ஒரு தடவ. 60 செகண்டுல ஒரு முழு சுத்துக்குச் சரியான வேகம் எவ்ளோன்னு கணக்குப் போட்டா 573 எம்.பி.பி.எஸ். வருது. கிராஃப் விழுந்த இடம் அதேதான். உண்மையில 800 ஓடிட்டு இருந்தா நிமிஷத்துக்கு 600 கோடி பைட், அதுல ஒரு சுத்து கண்ணுக்குத் தெரியாம போயிடுது, மிச்சம் 170 கோடிய மட்டும் பாத்துட்டு சாஃப்ட்வேர் 227-ன்னு எழுதுது. போன தடவையவிட நம்பர் சின்னதா வந்தா ஸாபிக்ஸ் அந்தக் கணக்கையே விட்டுடும், அதுதான் கிராஃப்ல ஓட்டை. அந்த ஓட்டை பாத்து "டேட்டா வரல"ன்னு இன்னொரு அலாரம் வேற.

ஸ்விட்ச்சை வெர்ஷன் 2சி-க்கு மாத்தி 64 பிட் கவுண்ட்டரை எடுக்க வெச்சோம், பத்து நிமிஷ வேலை. 1 ஜி.பி.பி.எஸ். விடாம ஓடினாலும் இது ஒரு சுத்து சுத்த 4,600 வருஷத்துக்கு மேல ஆகும். அலாரம் அன்னிக்கே நின்னுச்சு. ஆனா நின்னதவிட முக்கியம், அந்த லிங்க் பீக்ல 870 வரைக்கும் போகுதுன்னு அப்பதான் தெரிஞ்சுது, இத்தன நாளா 570-க்கு மேல போகலன்னு நெனச்சுட்டு புது கனெக்ஷன் குடுத்துட்டே இருந்திருக்கோம். லிங்க்கை இரட்டையாக்க அண்ணன் கிட்ட சொன்னது அந்த வாரம்தான்.

அட்டாக்னு சொல்லி ஒரு வாத்தியார் வீட்டை அடைச்சது

இதுல எனக்கு ரொம்ப நேரம் போச்சு. ஃப்ளோ சாஃப்ட்வேர்ல ரூல், ஒரு ஐ.பி.க்கு 1,000 எம்.பி.பி.எஸ். தாண்டினா அட்டாக்னு எடுத்துக்கிட்டு அந்த ஐ.பி.யை அரை மணி நேரம் அடைச்சுரும். நோட்டு எழுதின வாரத்துல பதினோரு தடவ அடைச்சிருக்கு. ஒண்ணு ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வீடு, பேரன் லீவுக்கு வந்து கேம் டவுன்லோட் போட்டிருக்கான், அவ்ளோதான் நடந்தது. வாத்தியார் போன்ல "ஏனுங்க தம்பி, பில்லு கட்டிட்டனே, எதுக்குங்க கட் பண்ணீங்க"ன்னு கேட்டாரு, எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல.

லாக்ல பாத்தா அவரு ஐ.பி.க்கு 28 ஜி.பி.பி.எஸ். வந்துச்சாம். அந்த வீடு இருக்கற ஓ.எல்.டி.க்கு அப்லிங்க் போர்ட்டே 1 ஜி.பி.பி.எஸ்.தான், கோயமுத்தூர்லருந்து நமக்கு வர்ற லிங்க் 10 ஜி.பி.பி.எஸ். பத்துக்குள்ள 28 எப்டி வரும்? வராது. அப்போ டிராஃபிக்ல தப்பு இல்ல, கணக்குலதான் தப்பு.

ரூட்டர் ஒரு டவுன்லோடை ஒரு ஃப்ளோன்னு வெச்சுக்கும், அது முடிஞ்சப்ப கணக்கு அனுப்பும், முடியாம ஓடிட்டே இருந்தா ஆக்டிவ் டைம்அவுட் வந்ததும் அதுவரைக்கும் ஆனதை அனுப்பும். நம்ம ரூட்டர்ல அந்த டைம்அவுட் டீஃபால்ட்டா 30 நிமிஷம். 80 எம்.பி.பி.எஸ்.ல அரை மணி நேரம் ஓடினா 18 ஜி.பி. (கிகாபைட்) டேட்டா, அது மொத்தமும் ஒரே சீட்டா வருது. வாங்கற சாஃப்ட்வேர் 5 செகண்டு ஆவரேஜ் பாக்கற மாதிரி வெச்சிருந்தாங்க, அது அந்த 18 ஜி.பி.யும் இந்த 5 செகண்டுலயே வந்துச்சுன்னு எடுத்துக்குது. பைட்டை எட்டால பெருக்கி பிட்டாக்கி, 5-ஆல வகுத்துப் பாத்தா 28.8 ஜி.பி.பி.எஸ். கடைக்காரர் அரை நாள் வியாபாரத்தை சாயங்காலம் ஒரே வரியில எழுதினா, கணக்குப் பாக்கறவன் எல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்கே வித்துச்சுன்னு சொல்ற மாதிரி.

முதல்ல டைம்அவுட்டை மட்டும் 1 நிமிஷமாக்கினோம். குறைஞ்சுது, நிக்கல. ஏன்னா 100 எம்.பி.பி.எஸ்.ல 60 செகண்டு டேட்டாவை 5-ஆல வகுத்தா 1,200, இன்னும் லிமிட்டுக்கு மேலதான். ரெண்டு நம்பரையும் சேத்துப் பாக்காம ஒண்ணை மட்டும் மாத்தினது என் அவசரம். அப்புறம் ஆவரேஜையும் 60 செகண்டாக்கினோம், அப்பதான் 100 ஓடினா 100-ன்னே காட்டுச்சு.

இதுல ஒரு நஷ்டம் இருக்கு, நெசமாவே அட்டாக் வந்தா முன்னவிட ஒரு நிமிஷம் லேட்டாதான் தெரியும். அண்ணன் கிட்ட உக்காந்து பேசினேன், ஒரு நிமிஷம் நெட்டு மெதுவா போறதா, பணம் கட்டினவங்களை அரை மணி நேரம் அடைக்கறதான்னு, அவரு லேட்டானா ஆகட்டும்னாரு. கூடவே அடைக்கறதுக்கு இன்னொரு நிபந்தனையும் போட்டோம். கேம் டவுன்லோடுன்னா விரல் விட்டு எண்ணற அளவு ஃப்ளோதான் இருக்கும். நெசமான அட்டாக், அதுலயும் டி.என்.எஸ். (போர்ட் 53), என்.டி.பி. (போர்ட் 123) மாதிரி பொது சர்வருங்கள்லருந்து எதிரொலிச்சு அடிக்கற வகை, ஆயிரக்கணக்கான எடத்துலருந்து ஒரே ஐ.பி.க்கு வரும். ரெண்டும் சேந்து இருந்தாதான் தானா அடைக்கும், வேகம் மட்டும் ஜாஸ்தின்னா மெசேஜ் மட்டும். வாத்தியாருக்கு நானே போய் நடந்ததைச் சொல்லிட்டு வந்தேன்.

கரண்ட் கட்டா, ஃபைபர் கட்டா

அந்த ராத்திரிக்கு நேரா சம்பந்தப்பட்டது இதுதான். மோடத்துக்குக் கரண்ட் போகும்போது அது சாகறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற மிச்ச சார்ஜ்ல ஒரு கடைசி சிக்னல் அனுப்பும், டையிங் காஸ்ப்னு சொல்வாங்க. ஃபைபர் அறுந்தா அனுப்ப வழியே இல்ல, வெளிச்சம் போச்சுன்னு ஓ.எல்.டி. தான் சொல்லும். இந்த வித்தியாசம் ஓ.எல்.டி.ல எப்பவும் இருந்துச்சு, நம்ம அலாரத்துலதான் ரெண்டையும் "டவுன்"னு ஒரே வார்த்தையில போட்டிருந்தாங்க.

புது ரூல் இப்டி. தனி வீட்டு மோடம் போனா யாருக்கும் மெசேஜ் இல்ல, காலையில ரிப்போர்ட்டுல மட்டும் வரும். ஒரே பானுல ரெண்டு நிமிஷத்துக்குள்ள அஞ்சு வீட்டுக்கு மேல, கடைசி சிக்னல் குடுக்காம போனா டூட்டி போன் அடிக்கும், மெசேஜ் இல்ல, கால். எல்லாரும் கடைசி சிக்னல் குடுத்துட்டுப் போனா கரண்ட் கட்னு குரூப்புக்கு ஒரே ஒரு வரி. சில பழைய மோடம் இந்த சிக்னலே குடுக்காது, அதுக்காகத்தான் அஞ்சுன்னு வெச்சோம், மூணுன்னு வெச்சுப் பாத்தப்ப அந்தப் பழைய மோடம்களே மூணு நாலு சேந்து ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் போனை அடிக்க வெச்சுது.

சின்ன விஷயங்க

லிங்க் நிரம்பற அலாரம் முன்ன ஒரே ஒரு ரீடிங் 90 சதவீதம் தாண்டினாலே வரும், 89-க்கு வந்தா போகும், மறுபடி வரும். இப்ப 15 நிமிஷ ஆவரேஜ் 90-க்கு மேல இருந்தா வரும், 80-க்குக் கீழ எறங்கினாதான் போகும். மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை தாண்டி விண்டோஸ் அப்டேட் எறங்கும்போது முன்ன நாப்பது மெசேஜ் வரும், இப்ப வந்தா ஒண்ணு.

முந்தின வாரங்களோட இதே நேரத்தை ஒப்பிட்டுப் பாக்கற பேஸ்லைன் வசதி 6.0-ல இருக்கு, ஆசையா போட்டுப் பாத்தேன். ஹர்த்தால் அன்னிக்கு எல்லாரும் வீட்டுல இருந்து பகல் டிராஃபிக் ராத்திரி மாதிரி ஏறுது, ஓணத்தன்னிக்குக் காலையில எறங்குது, பொங்கலுக்கும் அதே. மனுஷங்க லீவுல இருக்கறது பழுது இல்லையே. அதை அலாரத்துலருந்து எடுத்துட்டு ரிப்போர்ட்டுக்கு மாத்திட்டேன்.

சைட்டுக்குக் கீழ இருக்கறது எல்லாம் கத்தறதுக்கு டிபெண்டன்சி போட்டோம், மேல இருக்கற ஸ்விட்ச் போச்சுன்னா கீழ இருக்கறதோட அலாரம் வராது. இதுல ஒண்ணு கவனிக்கணும், மேல இருக்கறது முதல்ல விழுந்தாதான் கீழ அடங்கும், அதனால மேல 1 நிமிஷம், கீழ 3 நிமிஷம்னு வெச்சோம்.

அதுக்கப்புறம் நடந்தது

ஒரு மாசம் கழிச்சு வாரத்துக்கு அறுபது மெசேஜ் வந்துச்சு, போன் அடிச்சது வாரத்துக்கு மூணு நாலு. மூணாவது வாரம் ராத்திரி ரெண்டரைக்கு மீனாட்சிபுரத்துல ஒரு லாரி மேல போன கேபிளை இழுத்துட்டுப் போச்சு, தம்பி போனுக்குக் கால் வந்துச்சு, மூணே முக்காலுக்கு ஸ்ப்ளைஸ் (அறுந்த ஃபைபரை ஒட்டறது) முடிச்சுட்டான்.

ஆனா நாங்க பண்ணதுல ஒரு தப்பும் வெளிய வந்துச்சு. கோவிந்தாபுரம் மெயின் ஸ்விட்ச்சுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டப்ப அது பிங்குக்கு (உயிரோட இருக்கியான்னு ஸாபிக்ஸ் கேக்கற சிக்னல்) பதில் சொல்றது நின்னு போச்சு. டிராஃபிக் நல்லா ஓடுது, ஆனா ஸாபிக்ஸுக்கு அது "டவுன்". பகல்ல வந்த அந்த ஒரு அலாரத்தை அப்டேட்னால வந்ததுன்னு நான்தான் தள்ளி விட்டேன். டிபெண்டன்சி போட்டதுனால அதுக்குக் கீழ இருக்கற ஓ.எல்.டி.யோட அலாரம் மொத்தமும் ரெண்டு நாள் அடங்கிக் கெடந்துச்சு. அந்த ரெண்டு நாளுக்குள்ள ஓ.எல்.டி.ல ஒரு ஃபேன் நின்னு சூடு ஏறிட்டு இருந்திருக்கு. பேட்டரி தண்ணி பாக்கப் போன பையன் கை வெச்சுப் பாத்து "அண்ணா, அடுப்பு மாதிரி இருக்கு"ன்னு சொன்னதுனால தப்பிச்சோம், இல்லன்னா அந்த ஊரு முழுக்கப் போயிருக்கும்.

உடனே ரெண்டு மாத்தினோம். சூடு, ஃபேன், பேட்டரி வோல்ட்டேஜ் இந்த மூணுக்கும் டிபெண்டன்சியே கெடையாது, மேல என்ன நடந்தாலும் தனியா வரும். மேல இருக்கற அலாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல தெறந்தே கெடந்தா, அதுவே போன் அடிக்கற அலாரமா மாறும், ஒருத்தர் போய்ப் பாத்து மூடற வரைக்கும் ஒவ்வொரு மணி நேரமும்.

மறுபடி செஞ்சா என்ன மாத்துவேன்

நோட்டு எழுதறதை முதல் நாளே ஆரம்பிச்சிருப்பேன், அதாவது இந்த சிஸ்டம் என் கைக்கு வந்த அன்னிக்கே. ஒவ்வொரு ரூலை மாத்தும்போதும் இது எதை மூடுதுன்னு ஒரு வரி எழுதி, மூடினதை நெசமா கெடுத்துப் பாப்பேன், அதாவது ஃபைபரைக் கழட்டி, ஃபேன் வயரைப் புடுங்கி, அலாரம் வருதான்னு. கோவிந்தாபுரத்துல அதைச் செஞ்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். இப்ப மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு சைட்டுல இதைச் செய்யறோம், கஸ்டமருக்கு முன்னாடியே சொல்லிட்டு.

ராத்திரி ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க எத்தன பேருன்னு அக்கா போன் பண்ணிக் கேட்டு லிஸ்ட் எடுத்தாங்க, 26 வீடு வந்துச்சு. அந்த 26 பேருக்கும் டூட்டி போன் நம்பர் குடுத்தாச்சு, முதல்ல குடுத்தது அந்தக் கோடிங் வேலை பாக்கற பொண்ணுக்கு.

ரேடியோ லிங்க் இன்னும் தீரல. காத்துக்குக் கம்பம் ஆடறப்ப போயிட்டுப் போயிட்டு வருது, அதுக்கு அலாரத்தை எவ்ளோ நேரம் பொறுக்க வெச்சாலும் கம்பம் ஆடறது நிக்காது, ஸ்டே கம்பி கட்டணும், அடுத்த ஆடிக்கு முன்னாடி கட்டிரலாம்னு அண்ணன் சொல்லியிருக்காரு. கடைசி சிக்னல் குடுக்காத பழைய மோடம் வேலந்தாவளம் பக்கம் இன்னும் 17 இருக்கு, கம்ப்ளைண்டுக்குப் போறப்ப ஒண்ணொண்ணா மாத்திட்டு வர்றோம், அது முடிஞ்சதும் அந்த அஞ்சு வீட்டுக் கணக்கை மூணாக்கிப் பாக்கணும்.